அம்மாவின் அளவு

மிளிருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்றால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். முதல் சொம்பு சாய்வதற்குள்ளேயே அவள் போடும் கூச்சலில் எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பெரிய தொண்டை எங்கிருந்துதான் வந்ததோ! புதுச் சட்டையின் கழுத்து லேபிள் பட்டால் கூச்சல். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓட்டம். இட்லி நன்றாக ஆறியிருக்க வேண்டும், அதன்மேல் ஒரு சொட்டுக் குழம்பு பட்டுவிட்டால் அன்றைக்கு அந்த இட்லியின் கதை முடிந்தது. பட்டுப் பாவாடையைக் கண்ணால் பார்த்தாலே அழுகை.

அவளுடைய அப்பா நவநீதன் பேட்டரி கம்பெனியில் ஷிப்டு பார்ப்பவன். இயந்திரங்கள் நாள் முழுக்கக் கத்தும் கூடத்தில், மூட்டை மேல் சாய்ந்து கண்ணயர்ந்துவிடும் ரகம். அவனுக்கு இதெல்லாம் ஒரே சொல்லில் அடங்கிவிடும்.

"செல்லம். நீ குடுக்கற செல்லம். அவ ஆடறா, நீ தாளம் போடற."

மிளிரின் அம்மா வர்ஷிணி, மஞ்சள் மண்டி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள். வேலைக்கு நடுவில் எழுந்து லேபிளைக் கத்தரித்துவிடுவாள், இட்லியை ஆறவைப்பாள், குக்கர் வைப்பதற்கு முன் பிள்ளையைக் கொல்லைக்கு அனுப்பிவிடுவாள். பிள்ளைக்கு ஏதோ இருக்கிறது என்று அவளுக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த 'ஏதோ' என்னவென்றுதான் சொல்லத் தெரியவில்லை.

கோடை முடிந்தால் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். பால்வாடி டீச்சர்தான் சொன்னாள். "ஒருக்கா பட்டை கட்டிப் பாத்துருங்கக்கா. புள்ளைக்குச் சத்தம் கித்தம் ஆகாதுன்னு அங்க எழுதிக் குடுத்துட்டா அமைதி வகுப்புல போட்டுருவாங்க. இல்லீன்னா பெரிய ஹாலுதான், நூறு புள்ளைங்களோட."

அந்த நாளில் பட்டை கட்டுவது என்றால் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் பாலர் நலக்கூடம் வந்திருந்தது. ஓட்டுநர் இல்லாத பஸ் ஏறி, மூவரும் ஒரு காலைப்பொழுதில் அங்கே போய் இறங்கினார்கள். மிளிர் பஸ்ஸில் முழு நேரமும் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் ரெஜினா ஐம்பதைத் தாண்டியவர். குரலை உயர்த்தாமல் பேசுவார், குழந்தையைத் தொடுவதற்கு முன் "தொடட்டுமா?" என்று கேட்பார். அதிலேயே வர்ஷிணிக்குப் பாதி பயம் போயிற்று.

"சட்டை குத்துதுன்னு பாப்பா சொல்றா. எவ்வளவு குத்துதுன்னு நமக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் இந்தப் பகிர்பட்டை," என்று துணி ஹேர்பேண்டு போல இருந்த இரண்டு வளையங்களை எடுத்து மேஜையில் வைத்தார். "ஒண்ணு பாப்பா தலையில, ஒண்ணு உங்க தலையில. அவ காதுல விழறது, தோல்ல படறது, கண்ணுல தெரியறது எல்லாம் அவளுக்கு எந்த அளவுல தெரியுதோ அதே அளவுல உங்களுக்கும் தெரியும். அதுவரைக்கும் உங்க சொந்தக் காதும் தோலும் ஒதுங்கி நிக்கும். கழட்டிட்டா பழையபடி ஆயிடும்."

"வலிக்குமுங்களா?"

"அவளுக்கு வலிச்சா உங்களுக்கும் வலிக்கும்மா. அதைத் தெரிஞ்சுக்கத்தானே வந்திருக்கீங்க?"

நவநீதன் எதற்கும் இருக்கட்டும் என்று கையை நீட்டினான். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டாள்.

"அம்மாதாங்க போடணும். எப்பவும் அம்மாதான். புள்ளையைப் பத்தி அம்மாவுக்குத் தெரியாதது என்ன இருக்குது?"

அவனும் தப்பித்தோம் என்று வெளியே பெஞ்சுக்குப் போய்விட்டான்.

உள்ளே ஒரு சின்ன அறை. ஒரு மிக்சி, ஒரு மேஜை மின்விசிறி, மினுக்மினுக்கென்று அடிக்கும் ஒரு டியூப்லைட், கம்பளித் துண்டு ஒன்று, கிண்ணத்தில் குழைந்த களி. நர்ஸ் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தாள். மிக்சி ஓடியதும் மிளிர் வீறிட்டாள். களியில் விரலை வைத்ததும் உடம்பெல்லாம் உதறியது. கம்பளி கழுத்தில் பட்டபோது மூச்சடைத்துப்போய் அம்மாவின் புடவையைப் பிய்த்தாள்.

பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வர்ஷிணி, இடி எப்போது தலையில் இறங்கப்போகிறது என்று கண்ணை இறுக மூடிக் காத்திருந்தாள். இடி இறங்கவேயில்லை. மிக்சி சத்தம் மிக்சி சத்தமாகவே இருந்தது. களி களியாக, கம்பளி கம்பளியாக, எல்லாம் அவளுக்கு நன்றாகப் பழகியவைதான். மெல்லக் கண்ணைத் திறந்தாள். அட, இதற்கா இத்தனை நாளும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தோம்? அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எப்படிம்மா இருந்துச்சு?" டாக்டர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணுமில்லீங் டாக்டர்."

"பயப்படாம சொல்லுங்க. தாங்க முடியாத மாதிரி ஏதாவது?"

"இல்லீங். எப்பவும் இருக்கறதுதானுங். எனக்கு எப்படித் தெரியுமோ அப்படியேதான் இருந்துச்சு. ஒரு துளி வித்தியாசம் இல்லீங்."

டாக்டர் மிளிரைப் பார்த்தார். பிள்ளை இன்னமும் விசித்துக்கொண்டிருந்தது. பேனாவை எடுத்தவர் ஒரு கணம் தயங்கினார், பிறகு எழுதினார். அம்மாவே சொன்ன பிறகு அதற்கு மேல் அப்பீல் கிடையாது என்பது அந்தக் கூடத்தின் வழக்கம்.

"எதுக்கும் பட்டையைக் கொஞ்ச நாள் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. அங்கயும் போட்டுப் பாருங்க. சந்தேகம் வந்தா வாங்க."

வெளியே வந்ததும் நவநீதன் கேட்டான், "என்னவாம்?"

"நீங்க சொன்னதுதானுங். செல்லம்."

அவன் வெற்றிக்களிப்போடு மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தபின் வர்ஷிணி பட்டையைக் கட்டிக்கொண்டே மிளிருக்குத் தலைக்கு ஊற்றினாள். உச்சந்தலையில் தண்ணீர் ஊசி ஊசியாக இறங்கியது. இறங்கத்தான் செய்யும். தலைக்கு ஊற்றினால் யாருக்குத்தான் இறங்காது? பல்லைக் கடித்துக்கொண்டு குளித்து முடித்து வருவதில்லையா உலகம்? இவள் மட்டும் என்னவாம் மகாராணி? இப்படி நினைக்க ஆரம்பித்ததும், இத்தனை நாள் பொத்திப் பொத்திப் பார்த்ததெல்லாம் ஒட்டுமொத்தமாகக் கோபமாகத் திரும்பிக்கொண்டது. ஏமாந்துபோனவளின் கோபம் அது. பெற்ற பிள்ளையே தன்னை ஏமாற்றிவிட்டதே!

அதற்குப் பிறகு லேபிளை யாரும் கத்தரிக்கவில்லை. இட்லி சூடாகத் தட்டில் விழுந்தது, அதன் தலைமேலேயே குழம்பும் விழுந்தது. குக்கர் விசிலடிக்கும்போது ஓடிய பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து அடுப்பங்கரையிலேயே நிறுத்தினாள்.

நவநீதனே மிரண்டுபோனான். செல்லம் என்று சொன்னவன்தான், ஆனால் பிள்ளை அப்படித் துடிப்பதைப் பார்க்க அவனுக்கு ஆகவில்லை.

"ஏன் வர்ஷி, சித்த மெதுவாத்தான் பழக்கேன்."

"உங்களுக்குத் தெரியாதுங். நான் போட்டுப் பாத்துட்டேன். அவளுக்கு என்ன தெரியுதுன்னு எனக்குத் தெரியும். அத்தனையும் நடிப்பு."

பிள்ளையின் தோலுக்குள்ளேயே புகுந்து பார்த்துவிட்டு வந்தவள் சொல்கிறாள். நவநீதன் செருப்பை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டான்.

அந்த மாதமே மிளிருக்கு மொட்டையடித்துக் காது குத்துவது என்று ஏற்கெனவே நாள் குறித்திருந்தார்கள். பிள்ளை பயப்படுகிறதே என்று இரண்டு தடவை தள்ளிப்போட்டவள் வர்ஷிணிதான். இந்தத் தடவை அவளே முன்னின்று எல்லாம் செய்தாள். காங்கேயம் பக்கம் அவர்களுடைய குலதெய்வக் கோயில். ஒரம்பரை சனம், சொந்தபந்தம் மொத்தமும் வந்து இறங்கியிருந்தது. தாய்மாமன் கிரிதரனுக்குத் தங்கை மகளுடைய விசேஷம் என்றால் கேட்க வேண்டுமா? உறுமி, பம்பை, அது போதாதென்று பந்தலின் நாலு மூலையிலும் ஸ்பீக்கர் பெட்டி. சீர்த்தட்டுகள் மேளத்தோடு வந்தன. கிரிதரன் புது வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை முறுக்கோடு வந்து பலகையில் உட்கார்ந்தான்.

மிளிருக்குப் பட்டுப் பாவாடை கட்டி, அதை ஊக்கு மாட்டி இறுக்கி, மாமன் மடியில் உட்காரவைத்தார்கள். கத்தி தலையில் பட்டதும் பிள்ளை வில்லாக வளைந்தது. பக்கத்தில் குந்தியிருந்த வர்ஷிணி அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். உறுமி பக்கத்திலேயே அதிர்ந்தது. வர்ஷிணிக்கும் அது விலா எலும்புக்குள் புகுந்து பிராண்டியது. அவள் எப்போதும் போலப் பல்லைக் கடித்துக்கொண்டாள். குனிந்து பிள்ளையின் காதில் சொன்னாள்:

"பொறுத்துக்கோ. அம்மா பொறுத்துக்கல? இங்க இருக்கற எல்லாரும் பொறுத்துக்கல? பொறுத்துக்கோ!"

மிளிர் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அழுகை நின்றுபோனது. மெல்ல மெல்ல அடங்கவில்லை, சுவிட்சைப் போட்டு அணைத்தாற்போல நின்றது. மொட்டையடித்து முடித்தார்கள். சந்தனம் பூசினார்கள். ஆசாரி வந்து தங்கக்கம்பியால் இரண்டு காதையும் குத்தினார். ரத்தம் துளிர்த்தது. பிள்ளையின் கண் இமைக்கக்கூட இல்லை.

"பாத்தியா! எத்தன சமத்து!" பெண்கள் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தார்கள்.

"என்ற மருமவளாக்கும்," என்றான் கிரிதரன் எல்லாருக்கும் கேட்கும்படி.

வர்ஷிணிக்குப் பெருமை பிடிபடவில்லை. நவநீதன் மட்டும் மகளின் கையைத் தொட்டுப் பார்த்தான். வெயிலில் அந்தக் கை சில்லென்று கிடந்தது.

அதன்பின் மிளிர் பேசவில்லை.

முதலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது, அது ஒரு பாக்கியமாகவே பட்டது. குக்கர் விசிலடித்தால் கூச்சல் இல்லை. எந்தச் சட்டையை மாட்டினாலும் போட்டுக்கொண்டாள். சோற்றை ஊட்டினால் வாயைத் திறந்தாள், மெல்லு என்றால் மென்றாள். மற்ற நேரமெல்லாம் படுக்கையறைப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். வர்ஷிணி கையை நீட்டினால் மட்டும் உடம்பைச் சுருக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்வாள்.

அது வர்ஷிணியின் நெஞ்சில் அடித்தது. பெற்றவளின் கையைக் கண்டு பிள்ளை ஒடுங்குகிறதே, இதைவிட ஒருத்திக்கு வேறென்ன தண்டனை வேண்டும்! அண்ணனிடம் போனில் சொல்லி அழுதாள்.

"இப்பத்தான் புள்ளை புள்ளையாட்டம் இருக்குது. இதுக்கு அழுவியா? உடு, சரியாப் போயிரும்," என்றான் கிரிதரன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மறுநாள் பட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வர்ஷிணி அதை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, சட்னி அரைக்க அடுப்பங்கரைக்குப் போயிருந்தாள். நவநீதன் இடுக்குக்கு எதிரே தரையில் உட்கார்ந்து மகளோடு பேசிப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமா வாங்கிக் கொடுத்த பொம்மை, பக்கத்து வீட்டு நாய்க்குட்டி, எதற்கும் அசைவில்லை. மேஜைமேல் இருந்த பட்டையில் அவன் கண் விழுந்தது.

"கண்ணு, அப்பனும் ஒருக்கா போட்டுக்கறேன். நீயும் போட்டுக்கறயா?"

அவள் பதில் சொல்லவில்லை, ஆனால் ஒதுங்கவும் இல்லை. ஒன்றை மகளின் மொட்டைத் தலையில் மாட்டினான், இன்னொன்றைத் தன் தலையில் மாட்டிக்கொண்டான்.

அடுப்பங்கரையில் மிக்சி ஓடத் தொடங்கியது.

'ஐயோ' என்று கேட்ட அலறலில் வர்ஷிணி தேங்காய்க் கிண்ணத்தைக் கீழே போட்டாள். ஓடிவந்து பார்த்தால், அவள் புருஷன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் மண்டியிட்டிருந்தான். ஆறடி ஆள், மாட்டு வண்டி கவிழ்ந்தாலும் கலங்காதவன், வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தான்.

"நிறுத்து! அத நிறுத்து வர்ஷி! ஃபேன நிறுத்து! லைட்ட அணை!"

கையும் ஓடாமல் காலும் ஓடாமல் எல்லாவற்றையும் அணைத்தாள். அவன் சட்டையை மேலே இழுத்துக் கிழித்தான், பிறகுதான் பட்டை நினைவு வந்து அதைப் பிடுங்கி எறிந்தான். சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினான். பிறகு மகளைப் பார்த்தான். அவள் எப்போதும் போல முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதுக்குள்ளயா உக்காந்துருக்கற சாமி? இதுக்குள்ளயா நாளெல்லாம் உக்காந்துருக்கற?"

"ஏனுங், என்னாச்சு? என்ன பண்ணுச்சு?"

"மிக்சி... மண்டைக்குள்ள ஓடுச்சு. ஃபேன் ஒவ்வொரு சுத்துக்கும் மூஞ்சியில அறையுது. அந்தச் சட்டை உடம்பெல்லாம் முள்ளு. லைட்டு கத்துது வர்ஷி, லைட்டு கத்தறத நீ கேட்டுருக்கறயா?"

வர்ஷிணிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஆமாங். கத்தும்."

"என்ன கத்தும்?"

"லைட்டு கத்தத்தானே செய்யும்? மிக்சி போட்டா மண்டைக்குள்ளதான் ஓடும். பல்லெல்லாம் கூசும். சட்டைன்னா குத்தும். அதெல்லாம் எல்லாருக்கும் இருக்கறதுதானுங்? நீங்க என்னமோ இன்னிக்கித்தான் புதுசாக் கேக்கறமாரி..."

நவநீதன் அழுகையை நிறுத்திவிட்டு அவளை வெறித்துப் பார்த்தான்.

"இல்ல வர்ஷி."

"என்ன இல்ல?"

"எனக்கு மிக்சி சமையக்கட்டுல ஓடும். அவ்வளவுதான். சட்டையப் போட்டதுக்கப்பறம் போட்டுருக்கறேங்கற நெனப்பே எனக்கு இருக்காது. லைட்டுக்குச் சத்தமே கெடையாது."

"சும்மா சொல்லாதீங்க."

"புள்ளை மேல சத்தியமா."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை என்று கண்டதும் அந்தச் சிரிப்பு அப்படியே முகத்தில் கோணலாக நின்றது.

மறுநாள் மூவரும் பட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, மிளிரைச் சத்தம் எட்டாத தோட்டத்துப் பக்க அறையில் ஆயாவோடு உட்காரவைத்துவிட்டு நவநீதன்தான் பேசினான். டாக்டர் ரெஜினா பாதி கேட்கும்போதே எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மிளிரின் தலையில் கட்டுகிற பட்டையை நவநீதனுக்குக் கட்டினார். மற்றதை வர்ஷிணியிடம் கொடுத்தார்.

"இப்போ உங்க வீட்டுக்காரருக்குத் தெரியறது உங்களுக்குத் தெரியும். போட்டுப் பாருங்கம்மா."

வர்ஷிணி போட்டுக்கொண்டாள்.

முதலில் காது செவிடாகிவிட்டதோ என்று பயந்துபோனாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, அது தன் பாட்டுக்கு மேலே சுற்றியது. வெளியே ஹாலில் குழந்தைகள் கத்துவது கேட்டது, ஆனால் அவர்கள் ஹாலிலேயே இருந்தார்கள், இவள் தலைக்குள் வரவில்லை. ரவிக்கையின் தையல் எங்கே இருக்கிறது என்று தேடினாள், கிடைக்கவில்லை. நர்ஸ் அந்த மிக்சியைப் போட்டாள். ஒரு மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது, அது நின்றதும் போய்விட்டது, பின்னால் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. தோள்பட்டை இரண்டும் இத்தனை காலமும் காதுவரை தூக்கிக்கொண்டு நின்றிருந்தன என்பதே அவை தானாக இறங்கியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"இப்படித்தான் இருக்குமுங்களா?" என்றாள். "உங்களுக்கெல்லாம் எப்பவுமே இப்படித்தானுங்களா?"

"ஆமாம்மா. கிட்டத்தட்ட எல்லாருக்கும்."

வர்ஷிணி உடைந்து அழுதாள். பட்டு உடுத்தமாட்டேன் என்று அடம்பிடித்ததற்கு அம்மாவிடம் வாங்கிய அறை, கல்யாண வீடியோ வெளிச்சத்தில் கண்ணைத் திறக்காமல் நின்றதற்குச் சனமே சிரித்த சிரிப்பு, ஏசி இரைச்சலும் ஜனக்கூட்டமும் தாங்காமல் விட்டுவிட்டு வந்த பேங்க் வேலை. அதற்காகத் தன்னைத்தானே எத்தனை முறை சோம்பேறி என்று திட்டிக்கொண்டாள்! எல்லாரும் சுமக்கிற மூட்டையைச் சுமக்கத் துப்பில்லாதவள் என்றுதானே தன்னைப் பற்றி நினைத்திருந்தாள்.

"பொறுத்துக்க, பொறுத்துக்கன்னு சொல்லியே என்னய வளத்தாங்க டாக்டர்," என்றாள். "சொன்னவங்களுக்குப் பொறுத்துக்கறதுக்கு ஒண்ணுமே இருந்ததில்லைங்களே! அதே சொல்லைத்தானுங்களே நான் என்ற புள்ளை காதுல சொன்னேன். கையப் புடிச்சு அமுக்கிக்கிட்டுச் சொன்னேன்."

டாக்டர் அவளை அழவிட்டார். அவர் முகமும் வெளுத்துப்போயிருந்தது.

"தப்பு உங்களோடது இல்லம்மா, எங்களோடது. பிள்ளைக்கு இது இருந்தா பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருக்கறது ரொம்ப சகஜம். படிச்ச எங்களுக்கு அது தெரியும். தெரிஞ்சும் எல்லா ஊர்லயும் பட்டையை அம்மா தலையிலயே கட்டினோம். அம்மா 'ஒண்ணுமில்ல'ன்னு சொன்னா சந்தோஷமா எழுதி அனுப்பினோம்." ஜன்னல் வழியாக வெளி ஹாலைப் பார்த்தார். பெஞ்சு நிறைய அம்மாக்கள், மடியில் பிள்ளைகள். "எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேனோ. எல்லாரையும் மறுபடி கூப்பிடணும்."

"மிளிருக்கு என்ன பண்றதுங்க?" நவநீதன் கேட்டான். "பேச்சே போயிருச்சுங்க."

"போகலை. உள்ளே போய்த் தாழ் போட்டுட்டா. நாமா உடைக்கக் கூடாது. குத்தாத துணி, காதுக்கு மூடி, எதைச் செய்யறதுக்கு முன்னாடியும் சொல்லிட்டுச் செய்யறது. தொடறதுக்கு முன்னாடி கேளுங்க. அமைதி வகுப்புக்கு நான் இன்னிக்கே எழுதிடறேன்." பிறகு வர்ஷிணியிடம் திரும்பினார். "இதெல்லாம் உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

வீடு வந்து சேர்ந்ததும் மிளிர் நேராகப் பீரோ இடுக்குக்குப் போய்விட்டாள். வர்ஷிணி பின்னாலேயே போனாள். கையை நீட்டவில்லை. கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள்.

அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நவநீதன், "ஃபேன நிறுத்தட்டுமா?" என்று கேட்டான். பிள்ளைக்காகக் கேட்கிறானா, இவளுக்காகக் கேட்கிறானா என்று வர்ஷிணிக்குத் தெரியவில்லை.

"நிறுத்துங்," என்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் தனக்கென்று அவள் கேட்டு வாங்கிய முதல் பொருள் அந்த அமைதிதான்.

ஃபேன் நின்றது. அவன் கதவைச் சத்தமில்லாமல் ஒருக்களித்துவிட்டுப் போனான்.

"சாமி," என்றாள் தாழ்ந்த குரலில். "அன்னிக்கிக் கோயில்ல மேளம் அடிச்சாங்கல்ல, அது உனக்கு வலிச்சுது. அம்மா நீ நடிக்கறேன்னு நெனச்சுட்டேன். நீ நடிக்கல. அம்மாதான் தப்புப் பண்ணிட்டேன்."

மிளிர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்கும் அன்னிக்கி வலிச்சுது சாமி. அந்த உறுமிச் சத்தம் அம்மாவுக்கு இங்க, நெஞ்சுக்குள்ள குத்துச்சு. சட்டை அம்மாவையும் குத்தும். தண்ணி ஊத்துனா ஊசி ஊசியா இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டு, யாருகிட்டயும் சொல்லாமயே இருந்துட்டேன்."

மொட்டைத் தலை மெல்லத் திரும்பியது. காதில் குத்திய இடம் இன்னும் சிவந்து வீங்கியிருந்தது. பிள்ளை அம்மாவை வெகுநேரம் பார்த்தாள், முதல்முறை பார்ப்பதுபோல. பேசிப் பல நாளானதால் கரகரத்துப்போன குரலில் கேட்டாள்:

"ஏன் சொல்லல?"

பிள்ளையிடமாவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்று வர்ஷிணி நினைத்தாள்.

"சொல்லலாம்னு தெரியாது சாமி."

மிளிர் காலை மடக்கிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நகர்ந்து, பக்கத்தில் அம்மாவுக்கு இடம் விட்டாள்.